நான்கு லட்சம் டாலர் கொடுத்தும் வீடு சொந்தமில்லை: அமெரிக்காவின் தொடர் பராமரிப்புக் குடியிருப்புகள்

அமெரிக்காவில் எழுபத்தெட்டு வயதைத் தொட்ட ஒரு தம்பதி, நாற்பது வருஷம் குடியிருந்த வீட்டை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த பணத்தில் நான்கு லட்சம் டாலரை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, அதன் வளாகத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட் ஒன்றுக்குக் குடிபோகிறார்கள். மாதாமாதம் ஐயாயிரம், ஆறாயிரம் டாலர் தனியாகக் கட்ட வேண்டும். இத்தனை கொடுத்தும் அந்த ஃபிளாட் அவர்கள் பெயருக்கு வராது. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. சொந்த வீடுதான் கடைசிக் காலத்துக் காப்பு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

ஆனால் இப்படிக் கொடுப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், பொறியாளர்கள், அரசு அதிகாரிகள் என்று விவரமானவர்கள்தான் அதிகம். அந்தப் பணத்துக்கு அவர்கள் வாங்குவது ஒரு உறுதிமொழி. நாளைக்கு நடக்க முடியாமல் போனாலும், நினைவு தப்பினாலும், படுத்த படுக்கையானாலும் இதே வளாகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்ற எழுத்துபூர்வமான உறுதிமொழி. விளம்பரப் புத்தகங்களில் நீச்சல் குளமும் பூந்தோட்டமும் ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடித்த நரைத்த தலைகளும்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் படித்தால் அது வீட்டுப் பத்திரத்தைவிட இன்சூரன்ஸ் பாலிசிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று புரியும். பென்சில்வேனியாவிலும் ஃபுளோரிடாவிலும் இந்த வளாகங்களைக் கண்காணிப்பதே அந்த மாநிலங்களின் இன்சூரன்ஸ் துறைதான்.

இவற்றை 'கன்டினியூயிங் கேர் ரிடயர்மென்ட் கம்யூனிட்டி', சுருக்கமாக சிசிஆர்சி என்பார்கள். 'கேர்' என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் பின்வாங்குகிறார்கள் என்று 2015-இல் இந்தத் துறையினர் 'லைஃப் பிளான் கம்யூனிட்டி' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். இரண்டு பெயரும் இன்று புழங்குகின்றன. நாடு முழுக்க ஏறத்தாழ 1,900 வளாகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை லாப நோக்கமற்ற அமைப்புகள் நடத்துபவை.

ஒரு வளாகத்துக்குள் மூன்று நான்கு அடுக்கு உண்டு. முதல் அடுக்கில் இருப்பவர்கள் தாங்களே சமைத்து, காரோட்டி, ஊர் சுற்றுபவர்கள். அடுத்தது 'அசிஸ்டெட் லிவிங்'. குளிக்க, உடுத்த, வேளாவேளைக்கு மாத்திரை எடுக்கக் கைத்துணை தேவைப்படுபவர்களுக்கானது. மறதி நோய் முற்றியவர்களுக்குத் தனிப் பிரிவு. கடைசியாக, இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ்கள் இருக்கும் நர்சிங் பிரிவு. வெளியுலகில் இவை பெரும்பாலும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு முதலாளிகளிடம் இருக்கும். ஒவ்வொரு முறை உடம்பு ஒரு படி இறங்கும்போதும் மூட்டை கட்டி ஊர் மாற வேண்டியிருக்கும். இங்கே ஒரு நடைக்கூடத்தைத் தாண்டினால் போதும். அந்த நடைக்கூடத்தைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன் பணம்.

மெடிகேர் விட்டுவைத்த ஓட்டை

அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு உண்டு. 1965-இல் சட்டமானது. இதய அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும், புற்றுநோய் மருந்துக்குக் கொடுக்கும். ஆனால் ஒருவரைத் தினமும் குளிப்பாட்டி, சோறூட்டி, கழிவறைக்குக் கூட்டிப் போவதற்குக் கொடுக்காது. மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்து வந்தால் நர்சிங் பிரிவில் அதிகபட்சம் நூறு நாள். அதிலும் முதல் இருபது நாள்தான் முழுச் செலவு. இருபத்தோராம் நாளிலிருந்து தினமும் இருநூறு டாலருக்கு மேல் நம் பங்கு. உடம்பு தேறி வரும் என்ற மருத்துவக் காரணமோ சிகிச்சைத் தேவையோ இல்லாத வெறும் பராமரிப்பு என்றால் அந்த நூறு நாளும் கிடைக்காது.

நர்சிங் பிரிவில் தனியறைக்குச் செலவு பல மாநிலங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டம் இந்தச் செலவை ஏற்கும். ஆனால் அதற்கு முதலில் ஏழையாக வேண்டும். கையிருப்பு கரைந்து சில ஆயிரம் டாலர் மட்டும் மிஞ்சிய பிறகே கதவு திறக்கும். அறுபத்தைந்தை எட்டுபவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறையின் மதிப்பீடு. அப்படியானால் நடுவில் நிற்பவர்கள் என்ன செய்வது? மெடிகெய்ட் வாங்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, பத்து வருஷம் நர்சிங் பில் கட்டும் அளவுக்குக் கோடீஸ்வரரும் இல்லை. சிசிஆர்சி பிழைப்பது இவர்களை நம்பித்தான்.

ஒப்பந்தங்களை ஏ, பி, சி என்று மூன்று வகையாகச் சொல்வது வழக்கம். ஏ வகையில் நுழைவுக் கட்டணமும் மாதக் கட்டணமும் அதிகம். ஆனால் பின்னாளில் நர்சிங் பிரிவுக்குப் போனாலும் மாதக் கட்டணம் கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். சி வகையில் நுழையும்போது சல்லிசு. நர்சிங் பிரிவுக்குப் போனால் அன்றைய சந்தை விலையை அப்படியே கட்ட வேண்டும். பி வகை இரண்டுக்கும் நடுவே. குறிப்பிட்ட நாட்கள் மட்டும் சலுகையில் பார்த்துக்கொள்வார்கள், அப்புறம் மீட்டர் ஓடும்.

கணக்குக்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். ஏ ஒப்பந்தத்தில் ஒரு தம்பதி மாதம் 7,000 டாலர் கட்டுகிறார்கள், சி ஒப்பந்தத்தில் 5,000. கணவர் பக்கவாதம் வந்து நர்சிங் பிரிவில் நான்கு வருஷம் இருக்கிறார், அங்கே மாதம் 12,000 என்று வையுங்கள். ஏ தம்பதிக்குக் கணவரின் சாப்பாட்டுக்கு என்று கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சி தம்பதிக்கு மனைவி தங்கும் ஃபிளாட்டுக்கு நாலாயிரத்துச் சொச்சமும் அதன்மேல் இந்தப் பன்னிரண்டாயிரமும் போகும். நான்கு வருஷத்தில் நர்சிங் செலவு மட்டும் 5,76,000 டாலர். மாறாக, இருவருமே தொண்ணூறு வயதில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தால், ஏ தம்பதி அத்தனை வருஷமும் மாதம் இரண்டாயிரம் அதிகமாகக் கட்டி, அந்தப் பணத்தை மற்றவர்களின் பராமரிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனதாக அர்த்தம். இன்சூரன்ஸ் என்றால் அப்படித்தான். ஏ வகையில் கட்டுகிற தொகையில் ஒரு பங்கை முன்கூட்டியே கட்டிய மருத்துவச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

நுழைவுக் கட்டணம் திரும்ப வருமா என்பது இன்னொரு கேள்வி. மாதத்துக்கு இரண்டு விழுக்காடு கழித்துக்கொண்டே வந்து ஐம்பதாவது மாதத்தில் பூஜ்யமாக்கும் திட்டம் பரவலானது. தொண்ணூறு விழுக்காடு திரும்பத் தரும் திட்டமும் உண்டு. அதற்கு முதலிலேயே ரொம்ப அதிகமாகக் கட்ட வேண்டும். திரும்பத் தருவது எப்போது என்ற வரியைத்தான் பலரும் மேலோட்டமாகப் படித்துவிடுகிறார்கள். பல ஒப்பந்தங்களில், ஃபிளாட் காலியாகி, அடுத்த ஆள் வந்து பணம் கட்டிய பிறகே முந்தையவரின் வாரிசுக்குப் பணம் போகும். ஆள் வரத் தாமதமானால் பிள்ளைகள் வருஷக்கணக்கில் காத்திருக்க நேரும்.

வாக்குக் கொடுத்தவர் திவாலானால்

இந்த ஏற்பாட்டின் வேர் மதத் தொண்டில் இருக்கிறது. விதவைகளுக்கும் ஓய்வுபெற்ற பாதிரிமார்களுக்கும் மெத்தடிஸ்ட், லூத்தரன், குவேக்கர் சபைகள் நடத்திய இல்லங்களில், கையில் இருந்த சொத்தைச் சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் சாகும்வரை சோறும் இடமும் உண்டு. இன்றைய நுழைவுக் கட்டணத்தின் பாட்டன் அதுதான். இன்றைய வடிவத்துக்கு அருகில் வந்தவை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்தன. பென்சில்வேனியாவில் குவேக்கர்கள் 1967-இல் ஃபௌல்க்வேஸ் என்ற வளாகத்தைத் திறந்தார்கள். 1973-இல் அதே மாநிலத்தில் கெண்டல் அட் லாங்வுட் வந்தது. நோயாளி விழுந்துவிடுவார் என்று நாற்காலியோடும் கட்டிலோடும் கட்டிவைப்பது அமெரிக்க நர்சிங் இல்லங்களில் சர்வ சாதாரணமாக இருந்த காலத்தில், யாரையும் கட்டிப்போட மாட்டோம் என்று நடத்திக் காட்டியது கெண்டல். பிற்பாடு அதை நாடு தழுவிய இயக்கமாகவும் கொண்டுபோனார்கள். இந்தத் துறை செய்த நல்ல காரியங்களில் முதலிடம் இதற்குத்தான் என்பேன்.

கலிபோர்னியாவில் நடந்தது வேறு கதை. மெத்தடிஸ்ட் சபையோடு தொடர்புடைய பசிபிக் ஹோம்ஸ், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பராமரிப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தது. விலைவாசி ஏறியது. அதைவிடப் பெரிய சங்கடம், உள்ளே இருந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். பழையவர்களின் செலவுக்குப் புதியவர்களின் நுழைவுப் பணத்தைப் போட்டுப் பார்த்தது நிறுவனம், 1977-இல் திவாலானது. வயதானவர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த இல்லங்களை நடத்தியது தனி நிறுவனம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று வாதாடிய சபை, 1980-இல் சுமார் 2.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பெயரில் ஒரு சபை இருப்பதாலேயே அந்தச் சபை பின்னால் நிற்கும் என்று நினைக்கக் கூடாது என்ற பாடம் அன்றிலிருந்து இன்றுவரை பலருக்கும் எட்டவில்லை.

இப்போது ஆயுள் கணிப்பு நிபுணர்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் கட்டணம் வைக்கிறார்கள். மாதக் கட்டணத்தை வருஷாவருஷம் ஏற்ற ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கும். இருந்தும் பழைய பலவீனம் முழுசாகப் போகவில்லை. வளாகம் கட்டுவதற்குக் கடன் பத்திரங்கள் மூலம் பெரும் தொகை திரட்டப்படுகிறது. ஃபிளாட்டுகள் நிரம்பி, ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் வட்டி கட்ட முடியும். வருகிறவரோ தன் பழைய வீட்டை விற்றுத்தான் வர வேண்டும். 2008-இல் வீட்டுச் சந்தை சரிந்தபோது, வரக் காத்திருந்தவர்களின் வீடுகள் விலை போகவில்லை. அதன் அடி நேரே வளாகங்களின் மேல் விழுந்தது. மேரிலாண்டில் ஒரு பழைய கிறித்தவக் குருமடத்தில் 1983-இல் சார்லஸ்டவுன் என்ற வளாகத்தோடு தொடங்கி, பல மாநிலங்களுக்கும் பரவிய எரிக்சன் நிறுவனம் 2009 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கோரியது. அங்கே புதிய முதலாளி வந்து, குடியிருந்தவர்களின் ஒப்பந்தங்கள் தப்பின. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டின் போர்ட் வாஷிங்டனில் 2010-இல் திறந்த ஹார்பர்சைட் வளாகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2014, 2021, 2023 என்று மூன்று முறை அது திவால் நீதிமன்றத்தில் நின்றது. லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் திரும்ப வர வேண்டிய பணம் முழுசாக வரவில்லை. உள்ளே இருந்த முதியவர்கள் தொண்ணூறு வயதில் வேறு இடம் தேடி அலைந்தார்கள்.

திவால் சட்டத்தின் வரிசையில் கடன் பத்திரம் வைத்திருப்பவர் முன்னால் நிற்பார், குடியிருப்பவர் பின்னால் நிற்பார். கட்டிய பணத்துக்குப் பிணை ஏதும் இல்லாத கடன்காரர் அவர். இதற்கென்று மத்திய அரசின் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சில மாநிலங்கள் நிதி நிலையை வருஷந்தோறும் கேட்டு வாங்குகின்றன, கையிருப்பு வைக்கச் சொல்கின்றன. சில மாநிலங்களில் இவற்றுக்கென்று தனி விதிகளே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2010-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. நன்மைகள் உண்டு, ஆபத்தும் உண்டு என்பது அதன் சாரம். இதைச் சொல்ல ஜிஏஓ எதற்கு என்று கேட்கலாம். ஆனால் மாநில விதிகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்த்ததுதான் அதன் பயன்.

உள்ளே ஒரு நாள்

சரி, உள்ளே எப்படி இருக்கும்?

பல வளாகங்களில் ஃபிளாட் கதவின் வெளிப்பக்கம், கண்ணில் படாத மூலையில், விரல் நீளத்துக்குச் சின்னத் தாழ் ஒன்று இருக்கும். இரவில் காவலர் நடைக்கூடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கதவிலும் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார். காலையில் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்தால் அது விழுந்துவிடும். பத்து, பதினோரு மணிக்கு மேலும் விழாமல் நின்றால் முதலில் போன் வரும். எடுக்கவில்லை என்றால் சாவியோடு ஆள் வரும். செய்தித்தாளைக்கூட எடுக்காமல் அந்தத் தாழைத் தள்ளிவிட்டு மறுபடி தூங்கப் போகிறவர்கள் உண்டு. புதிய இடங்களில் இதற்கு சென்சார் வந்துவிட்டது. குளியலறையில் இழுத்தால் மணியடிக்கும் கயிறு எல்லா இடத்திலும் உண்டு, அதில் துண்டு காயப்போடக் கூடாது என்ற அறிவிப்பும்தான்.

மாதக் கட்டணத்தில் தினம் ஒரு வேளைச் சாப்பாடோ, மாதத்துக்கு இத்தனை வேளை என்ற கணக்கோ சேர்ந்திருக்கும். சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கே சாப்பாட்டுக் கூடம் நிறைந்துவிடும். பரிமாறுபவர்களில் பலர் பக்கத்துப் பள்ளி மாணவர்கள். டிப்ஸ் கொடுக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் விதி. அதற்குப் பதில் குடியிருப்பவர்கள் ஒரு பொது நிதியில் பணம் போட்டு வருஷக் கடைசியில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பல வளாகங்களில் அந்தப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. யார் எந்த மேஜையில் உட்காருவது என்பது மட்டும் விதியில்லாத விதி. புதிதாக வந்த ஒற்றை ஆளுக்கு முதல் சில வாரங்களில் சாப்பாட்டுக் கூடம் பள்ளிக்கூட முதல் நாள் மாதிரித்தான் இருக்கும்.

அப்புறம் கமிட்டிகள். நூலகக் கமிட்டி, தோட்டக் கமிட்டி, சாப்பாட்டுக் கமிட்டி, நிதிக் கமிட்டி. வாழ்நாள் முழுக்கத் துறைகளையும் கம்பெனிகளையும் நடத்தியவர்களை ஒரே கட்டடத்தில் வைத்தால் சூப்பில் உப்பு அதிகம் என்பதற்கும் ஆறு பக்கக் குறிப்பு வரும். மரவேலைக் கூடம், இறந்தவர்களின் சாமான்களை விற்கும் உள்கடை, பாட்டுக் குழு எல்லாவற்றையும் அவர்களே நடத்துகிறார்கள். தனி வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் போய்விடும் ஒரு மாலை இங்கே நாலு பேரோடு சண்டை போட்டாவது கழியும். இந்த இடங்களின் உண்மையான ஆதாயம் எது என்று கேட்டால் நீச்சல் குளத்துக்கு முன்னால் இந்தச் சண்டையைத்தான் சொல்வேன்.

பல்கலைக்கழகங்களை ஒட்டிய வளாகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மாசசூசெட்ஸின் நியூட்டனில் 2000-இல் திறந்த லாசெல் வில்லேஜில் குடியேறுகிறவர் ஆண்டுக்கு 450 மணி நேரம் கற்றலிலும் உடற்பயிற்சி போன்ற செயல்களிலும் ஈடுபட ஒத்துக்கொள்ள வேண்டும். அரிசோனாவின் டெம்பியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் 2020 கடைசியில் திறந்த மிராபெல்லா இருபது மாடிக் கட்டடம். மாணவர்களோடு கலந்து வாழலாம் என்றுதான் விளம்பரம். பக்கத்தில் இருந்த ஷேடி பார்க் என்ற இசை அரங்கின் சத்தம் தாங்காமல் வழக்கே போட வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் நீதிபதி சத்தத்தைக் குறைக்க உத்தரவிட்டார். ஊர் இளைஞர்களிடம் கிழவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

நடைக்கூடத்துக்கு அந்தப் பக்கம்

குடியேறும் சராசரி வயது எண்பதை ஒட்டித்தான் இருக்கிறது. "இன்னும் அதற்கு நேரம் வரவில்லை" என்று எழுபதில் சொல்பவர் எழுபத்தைந்திலும் அதையே சொல்வார். இதில் ஒரு சிக்கல். ஏ வகை ஒப்பந்தத்துக்கு நுழையும்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. மறதியின் ஆரம்பம், பார்கின்சன் நோய் என்று ஏதாவது தெரிந்தால் அந்த ஒப்பந்தம் கிடைக்காது. சி வகையோ, நேராக அசிஸ்டெட் லிவிங்கோதான். நல்ல வளாகங்களில் காத்திருப்புப் பட்டியலும் வருஷக்கணக்கில் நீளும். ஆகத் தேவையில்லாதபோது வந்தால்தான் தேவைப்படும்போது கிடைக்கும். விழுந்து இடுப்பு முறிந்த பிறகு பிள்ளைகள் அவசர அவசரமாகப் போன் செய்தால், பதில் மரியாதையாக இருக்கும், இடம் இருக்காது.

ஆனால் உள்ளே வந்தவர்களே அந்த நடைக்கூடத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். கைத்தடி வாக்கராக மாறுவதை மறைப்பார்கள். மனைவியின் மறதியைக் கணவர் பேச்சில் புகுந்து புகுந்து மூடுவார். தனிச் செலவில் ஆள் வைத்துக்கொண்டு ஃபிளாட்டிலேயே காலம் தள்ளுபவர்கள் ஏராளம். எப்போது மாற வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் குடியிருப்பவரையும் குடும்பத்தையும் மருத்துவரையும் 'கலந்தாலோசித்து' நிர்வாகம் முடிவு செய்யும் என்று இருக்கும். கலந்தாலோசனையில் கருத்து வேறுபட்டால் யார் சொல் நிற்கும் என்பது அதற்கு அடுத்த வரியில் இருக்கும்.

வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் ஹார்பர்ஸ் எட்ஜ் என்ற வளாகம் 2011-இல் ஒரு விதி போட்டது. அசிஸ்டெட் லிவிங், நர்சிங் பிரிவுகளுக்கு மாறியவர்கள் முதல் அடுக்கினரின் சாப்பாட்டுக் கூடத்துக்கு இனி வரக் கூடாது. அதாவது நர்சிங் பிரிவில் இருக்கும் மனைவி, ஃபிளாட்டில் இருக்கும் கணவரோடு, இருவரும் வழக்கமாக உட்காரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பாதுகாப்பு, சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் கொஞ்சம் தளர்த்தினார்கள். விஷயம் அமெரிக்க நீதித்துறைவரை போய், வீட்டுவசதிச் சட்டப்படி உடற்குறை உள்ளவர்களுக்கு எதிரான பாகுபாடு என்ற குற்றச்சாட்டில் 2015-இல் சமரசமானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 3,50,000 டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சக்கர நாற்காலிகளும் எச்சில் துணிகளும் கண்ணில் பட்டால் புதிதாகப் பார்க்க வருபவர் ஓடிவிடுவார் என்ற பயம் வியாபாரத்தில் உண்டு. அதே பயம் முதல் அடுக்கில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களிடமும் உண்டு. நாளைக்குத் தங்களுக்கு வரப்போவதைச் சாப்பிடும் நேரத்தில் பார்க்க அவர்களுக்கு விருப்பமில்லை.

தம்பதிகளுக்கு இந்த வளாகங்கள் தரும் பெரிய வசதியும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் நர்சிங் பிரிவில், மற்றவர் ஃபிளாட்டில். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய் மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு வரலாம். காரெடுத்து முப்பது மைல் போக வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக நர்சிங் இல்லங்களுக்கு வெளியார் வர மத்திய அரசு தடை போட்டபோது இந்த வசதி ஒரே நாளில் இல்லாமல் போனது. ஒரே கட்டடத்தின் இரண்டு மூலைகளில் இருந்த கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

சாவை இவர்கள் மறைப்பதில்லை. பல வளாகங்களில் முன்கூடத்தில் ஒரு சின்ன மேஜை, அதில் இறந்தவரின் படம், ஒரு பூ, கையெழுத்திட ஒரு நோட்டு. மாதத்துக்குப் பல தடவை படம் மாறும். இத்தனை பேரோடு நெருங்கிப் பழகினால் இத்தனை பேரை இழக்கவும் வேண்டும் என்பதை விளம்பரப் புத்தகம் சொல்லாது.

யாருக்கு இது எட்டாது

இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வசதியான வெள்ளையர்கள்; அவர்களிலும் பெண்கள் அதிகம். விற்பதற்கு ஒரு நல்ல வீடு இல்லாதவர், வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவர், சேமிப்பைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டவர் யாருக்கும் இந்தக் கதவு திறக்காது. நுழைவுக் கட்டணம் இல்லாமல் மாத வாடகைக்கு விடும் வளாகங்கள் உண்டு, ஆனால் அங்கே பின்னாளைய பராமரிப்புச் செலவுக்கு உத்தரவாதம் இல்லை. லாப நோக்கமற்ற வளாகங்கள் பலவும் ஒரு உதவி நிதி வைத்திருக்கின்றன. நேர்மையாக வாழ்ந்தும் பணம் தீர்ந்துபோன குடியிருப்பவரை வெளியே அனுப்ப மாட்டோம் என்பார்கள். பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துத் தீர்த்திருந்தால் அந்தச் சலுகை பொருந்தாது என்றும் எழுதி வைத்திருப்பார்கள்.

பிள்ளைகளோடு வந்து சேர்ந்த இந்தியப் பெற்றோர்களுக்கு இன்னொரு தடை. நுழைவதற்கே மெடிகேரின் ஏ (மருத்துவமனைச் செலவுக்கானது), பி (மருத்துவர் கட்டணத்துக்கானது) என்ற பகுதிகள் இரண்டும் இருக்க வேண்டும் என்று வளாகங்கள் பல கேட்கின்றன. அமெரிக்காவில் வேலை பார்த்திராத பெற்றோர் கிரீன் கார்டோடு ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்த பிறகே அதை விலைக்கு வாங்க முடியும். ஃபுளோரிடாவின் டவாரஸில் இந்தியர்களுக்கென்றே எழுந்த சாந்திநிகேதன் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடு சொந்தம், சைவச் சாப்பாடு உண்டு, பூஜையறை உண்டு. ஆனால் அது சிசிஆர்சி வகை ஒப்பந்தம் இல்லை. படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ளும் உறுதிமொழி அதில் சேராது.

உலகப் போர் முடிந்து பிறப்புகள் பெருகிய காலத்தில், 1946-இல் தொடங்கிய 'பேபி பூம்' தலைமுறையின் மூத்தவர்களுக்கு 2026-இல் எண்பது வயது. வளாகங்களுக்கு ஆள் தேடி அலைய வேண்டியிராது. தட்டுப்பாடு வேலை செய்யும் கைகளில்தான். குளிப்பாட்டுவதும் படுக்கையில் புரட்டிப் போடுவதும் குறைந்த சம்பளத்துக்கு முதுகை ஒடிக்கும் வேலை. செய்பவர்களில் பெரும்பங்கு பெண்கள், அவர்களில் பலர் புலம்பெயர்ந்தவர்கள். கோவிடுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் பல வளாகங்கள் நர்சிங் பிரிவின் படுக்கைகளைக் குறைத்திருக்கின்றன; சில இடங்களில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அந்த அடுக்குக்காகத்தான் அத்தனை பணமும் கட்டப்பட்டது. ஒப்பந்தங்கள் பலவற்றில், வளாகத்தில் படுக்கை இல்லையென்றால் 'வெளியே பொருத்தமான வேறொரு இடத்தில்' ஏற்பாடு செய்வோம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வேறொரு இடம் எத்தனை மைல் தொலைவு, அதற்கான கூடுதல் செலவு யாருடையது, படுக்கை காலியானதும் திரும்பி வர முன்னுரிமை உண்டா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பார்க்கப் போகும் நாளில் மதியச் சாப்பாட்டை முதல் அடுக்கின் கூடத்தில் தருவார்கள். நர்சிங் பிரிவிலும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட அனுமதி கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் ஆட்கள் குறைவாக வேலைக்கு வரும் நாள் அதுதான்.